நான்கு வட்டம் அல்ல ஈமோகுளோபின்

உயர்தர முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி தவணைப் பரீட்சையில் ஒரு செங்குருதிக் கலத்தைக் கீறி, அதற்குள் நான்கு பெரிய வட்டங்களைப் போட்டு, "ஈமோகுளோபின்" என்று பெயர் குறித்திருந்தாள். ஒவ்வொரு வட்டமும் கலத்தின் கால்வாசியைப் பிடித்திருந்தது. பிழை அவளுடையது இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன் கரும்பலகையில் நான்கு வட்டம் வரைந்து "இரண்டு அல்பாச் சங்கிலி, இரண்டு பீற்றாச் சங்கிலி" என்று சொன்னது நான்தான். நான் வரைந்ததை அவள் அப்படியே கலத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அந்த நான்கு வட்டமும் சேர்ந்ததுதான், ஒட்சிசனைக் காவும் புரதமான ஈமோகுளோபினின் ஒரே ஒரு மூலக்கூறு. உண்மையில் ஒரு செங்குருதிக் கலத்துக்குள் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு ஈமோகுளோபினைப் பயறு அளவுக்குப் பெருப்பித்தால், கலம் ஐந்து மீற்றர் அகலத்துக்கு, எங்கள் வகுப்பறையின் அகலத்துக்கு வரும். அந்த விடைத்தாளைத் திருத்திய பிறகுதான் மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் மென்பொருள்களைத் தேடத் தொடங்கினேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் உயிரியல் படிப்பிக்கிறவர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். கணினி அறிவு பெரிதாக வேண்டாம்.

இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது? ஒரு பனங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். நில அளவையாளர் காணி முழுக்க நடந்து, ஒவ்வொரு பனையும் வடக்கு எல்லையிலிருந்து எத்தனை மீற்றர், கிழக்கு எல்லையிலிருந்து எத்தனை மீற்றர், நிலம் அந்த இடத்தில் எவ்வளவு மேடு என்று ஒரு கொப்பியில் வரிவரியாக எழுதுகிறார். அந்தக் காணியைக் கண்ணாலும் காணாத ஒருவர், கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு காணியைக் கீறிவிடலாம். மூலக்கூறுக் கோப்பும் அப்படி ஒரு கொப்பிதான். ஒரு வரிக்கு ஒரு அணு. அது எந்த மூலகம், எந்த அமினோ அமிலத்தில் இருக்கிறது, எந்தச் சங்கிலி, அப்புறம் நீளம், அகலம், உயரத்துக்கு மூன்று எண்கள். எண்களின் அலகு ஆங்ஸ்ட்ரொம். ஒரு மில்லிமீற்றரை ஒரு கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. மென்பொருள் வரிகளை வாசிக்கிறது, ஒவ்வொரு அணுவையும் அதன் இடத்தில் வைக்கிறது, நாம் மவுஸை இழுக்கும்போது முழுவதையும் திருப்பிக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

முதல் பாடத்திலேயே அந்தக் கோப்பைச் சாதாரண நோட்பாடில் திறந்து காட்டிவிடுங்கள். ஈமோகுளோபின் என்றால் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வரிகள் ஓடும். பிள்ளைகள் மிரளுவார்கள். மிரளட்டும். அதே கோப்பை மென்பொருளில் திறக்கும்போது, எண்களிலிருந்துதான் உருவம் வருகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்காது.

இந்தக் கொப்பிகளெல்லாம் புரதத் தரவு வங்கியில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. 1971இல் அமெரிக்காவின் புறூக்கேவன் ஆய்வுகூடத்தில் வெறும் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கிய வங்கி அது. இப்போது இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன. யாரும் காசில்லாமல் இறக்கலாம், பதிவுகூடச் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் நான்கு எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. ஒட்சிசன் இல்லாத மனித ஈமோகுளோபின் 4எச்எச்பி (4HHB). டிஎன்ஏயின் ஒரு சிறு துண்டு 1பிஎன்ஏ (1BNA). இந்தக் குறியீடு தெரிந்தால் போதும், வேறு எதையும் தேடி அலைய வேண்டாம்.

சரி, இவ்வளவு சின்னப் பொருளில் அணு எங்கே இருக்கிறது என்று எப்படி அளந்தார்கள்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்வியும்கூட. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நனோமீற்றர் வரை. ஈமோகுளோபினின் அகலம் ஆறு நனோமீற்றர் அளவுதான். ஆகவே எவ்வளவு நல்ல ஒளி நுணுக்குக்காட்டியாலும் அதன் உருவத்தைக் காண முடியாது. புரதத்தைப் பளிங்காக்கி, அதனூடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறி வரும் புள்ளிகளின் கோலத்திலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். மக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானி 1937இல் ஈமோகுளோபினை ஆராயத் தொடங்கினார். அதன் உருவம் அவருக்குப் பிடிபட்டது 1959இல், இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. அவரோடு வேலைசெய்த ஜோன் கென்ட்ரூ தசையில் இருக்கும் மயோகுளோபினை அதற்கு ஒரு வருடம் முன் கண்டிருந்தார். 1962இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு.

கணினித் திரை இல்லாத அந்தக் காலத்தில் கென்ட்ரூ ஏறத்தாழ 2500 கம்பிகளை நட்டு, அவற்றின்மேல் அணுக்கள் இருக்கும் இடங்களைக் குறித்து, ஆள் உயரத்துக்கு ஒரு கம்பிக்காடு கட்டினார். உள்ளே இருப்பதைப் பார்க்கக் கம்பிகளே மறைத்தன. இன்று எங்கள் பிள்ளை ஒரு விரலால் செய்கிற வேலை அது. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும், அதற்காகவே நான் இந்தக் கதையை விடுவதில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்வேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடிந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாது என்று காட்டும் படம். இன்றும் உலகில் எங்கே புதிய புரதக் கட்டமைப்பு வந்தாலும், அது சரியா என்று இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். மற்றவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன். கலத்துக்குள் புரதம் தயாராகும் இடமான இறைபோசோமின் கட்டமைப்புக்காக 2009இல் நோபல் பெற்றவர்களில் ஒருவர்.

இனி மென்பொருளைத் திறந்தால் பிள்ளைகள் முதலில் குழம்புகிற இடம் வரும். ஒரே மூலக்கூறுக்குப் பல முகங்கள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் நாடா மாதிரி. இன்னொன்றை அழுத்தினால் குண்டும் குச்சியுமாக. மூன்றாவதில் திராட்சைக் குலைபோல உருண்டைகள் நெருங்கி நிற்கும். "எது ரீச்சர் உண்மையானது?" என்று கேட்பார்கள். மூன்றும் ஒரே கொப்பியிலிருந்து வந்தவைதான். குண்டும் குச்சியும் எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்று காட்டும். உருண்டைக் குலை, மூலக்கூறு எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, உள்ளே வெறுமை எவ்வளவு குறைவு என்று காட்டும். நாடா அணுக்களை ஒதுக்கிவிட்டு, சங்கிலி எப்படி வளைந்து மடிகிறது என்பதை மட்டும் காட்டும்.

நாடாவை விளங்கப்படுத்த எங்களிடம் இருப்பதைவிட நல்ல உதாரணம் உலகில் இல்லை என்பேன். சார்வோலையை வார்ந்தால் எல்லாம் ஒரே மாதிரி நீண்ட நாடாதான். அதை ஒரு விதமாக மடித்துப் பின்னினால் நீத்துப்பெட்டி, புட்டு அவிக்கலாம். இன்னொரு விதமாகப் பின்னினால் சுளகு, அரிசி புடைக்கலாம். வேறொரு விதம் கடகம். ஓலை ஒன்று, மடிப்பு வேறு, அதனால் வேலை வேறு. புரதமும் அமினோ அமிலங்களால் ஆன ஒரு நீண்ட நாடா, மடிந்த விதம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் மட்டும் உதாரணம் ஒத்துவராது. ஓலையை ஒரு கை மடிக்கிறது. புரதம் எப்படி மடிய வேண்டும் என்பது அமினோ அமிலங்களின் வரிசையிலேயே இருக்கிறது. இந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

நிறங்களைப் பற்றியும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒட்சிசன் சிவப்பு, நைதரசன் நீலம், காபன் சாம்பல், ஐதரசன் வெள்ளை, கந்தகம் மஞ்சள் என்பது விஞ்ஞானிகள் பழக்கத்தில் வைத்துக்கொண்ட அடையாளம். அணுவுக்கு அப்படி நிறம் கிடையாது. இதைச் சொல்லாமல் விட்டதால், ஒட்சிசன் சிவப்பு என்றபடியால்தான் இரத்தம் சிவப்பு என்று ஒரு பிள்ளை எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2எச்பிஎஸ் (2HBS) என்ற கோப்பைத் திறவுங்கள். அரிவாள் உருக் கலச்சோகை உள்ளவர்களின் ஈமோகுளோபின் அது. பீற்றாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், இதில் வலீன் இருக்கிறது. 146இல் ஒன்று. புத்தகத்தில் இதை ஒரு வரியில் வாசித்துவிட்டுப் போய்விடுவோம். ஏன் அந்த ஒன்று இவ்வளவு பெரிய நோயைத் தருகிறது என்று புத்தகப் படத்தில் தெரியாது.

திரையில் தெரியும். பிள்ளைகளிடம் ஆறாம் எண்ணைத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்து அதற்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். உருண்டைக் குலையாக மாற்றி மெல்லத் திருப்பினால், அந்த வலீன் மூலக்கூறின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். குளுட்டாமிக் அமிலத்துக்கு மறை ஏற்றம் உண்டு, அது தண்ணீரோடு ஒட்டி வாழும். வலீன் எண்ணெயின் சாதி, தண்ணீர் அதற்கு ஆகாது. தண்ணீருக்குள் விட்ட தேங்காய் எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன அல்லவா? இந்தக் கோப்பில் இரண்டு ஈமோகுளோபின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் வலீன், அடுத்ததன் ஒரு சின்னக் குழிக்குள் போய்ப் பொருந்தியிருப்பதைப் பெருப்பித்துப் பாருங்கள். அடுத்ததன் வலீன் அதற்கடுத்ததைப் பிடிக்கும். இப்படியே கோத்துக்கொண்டு போனால் நீண்ட நார்கள் உருவாகி, ஒட்சிசன் குறைந்த நேரத்தில் கலத்தையே அரிவாள்போல வளைத்துவிடுகின்றன. ஒரு பிள்ளை அந்தக் குழியைத் தானாகவே கண்டுபிடித்து, "ரீச்சர், இது போய்க் கொழுவியிருக்கு!" என்று சத்தம் போட்ட நாளை நான் மறக்கவில்லை.

இங்கே வன்னிக்கு ஒரு தொடர்பும் உண்டு. இந்த மாற்றத்தைத் தரும் மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களை மலேரியா கடுமையாகத் தாக்குவது குறைவு. அதனால்தான் மலேரியா அதிகம் இருந்த நாடுகளில் இந்த மரபணு நிலைத்தது. தென்னிந்தியாவிலும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதை 1952இல் கண்டார்கள். எங்கள் அம்மம்மா காலத்தில் வன்னி என்றாலே மலேரியாதான் நினைவுக்கு வரும். காட்டோரக் குடியேற்றங்களில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை என்பார்கள். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி கண்டறியப்பட்டது 2012இல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சல் தெரியாது, வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். கூர்ப்பு, மரபியல், குருதி என்று மூன்று பாட அலகுகள் ஒரே திரையில் சந்திக்கும்.

வயலில் வேலைசெய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கோப்பு, 2சிடிஎக்ஸ் (2CTX). எங்கள் நாகபாம்பின் தென்கிழக்காசிய உறவுக்காரப் பாம்பு ஒன்றின் நஞ்சில் இருக்கும் புரதம். மொத்தம் 71 அமினோ அமிலங்கள்தான். நாடாவாக்கிப் பார்த்தால் மூன்று விரல்களை நீட்டிய கைபோலத் தெரியும். கந்தகத்தை மட்டும் மஞ்சளாக்குங்கள். மஞ்சள் சோடிகள் ஐந்து தெரியும், நான்கு உள்ளங்கைப் பக்கம், ஒன்று நடு விரலின் நுனியில். மடிப்பு அவிழாமல் போட்ட முடிச்சுகள் அவை. இந்த விரல்கள் தசையில், நரம்பின் செய்தியைக் கொண்டுவரும் அசற்றைல்கோலின் வந்து பொருந்த வேண்டிய இடத்தை அடைத்துவிடுகின்றன. நரம்பு சொல்வது தசைக்குக் கேட்காது. கண் இமை விழுவதும் பிறகு மூச்சு முட்டுவதும் அதனால்தான். பாம்பு கடித்தால் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் சொன்னபோது பிள்ளைகள் கேட்ட விதமே வேறாக இருந்தது.

மாப்பொருளை உடைக்கும் நொதியமான அமிலேசையும் விடாதீர்கள். மாப்பொருள், உமிழ்நீர், அயடீன் பரிசோதனையைச் செய்கிற அன்றே உமிழ்நீர் அமிலேசின் கோப்பைத் திறந்து (1எஸ்எம்டி, 1SMD), நொதியத்தின் மேற்பரப்பில் உள்ள பள்ளத்தைக் காட்டினால் பூட்டும் சாவியும் என்ற உவமை தானாகவே விளங்கும்.

இணையம் மெதுவாக இருக்கும், கணினி பழையது, சில இடத்தில் ஒன்றே ஒன்றுதான், மின்சாரம் நின்றால் அன்றைய பாடம் போச்சு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் இது பெரிய வசதி கேட்கிற வேலை இல்லை. மேலே சொன்ன கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள், ஒவ்வொன்றும் சில மெகாபைட்டைத் தாண்டாது. நகரத்துக்குப் போகிற ஒரு நாளில் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தால் வருடம் முழுக்கப் போதும். பழைய கணினிக்கு ராஸ்மோல் நல்லது. ரொஜர் சேயில் 1990களின் தொடக்கத்தில் எழுதிய மென்பொருள், மிகச் சிறியது, இன்றும் ஓடும். ஜேஎஸ்மோலை ஒரு கோப்புறையாக வைத்துக்கொண்டால் உலாவியில் திறக்கலாம். இணையம் உள்ள இடத்தில் புரதத் தரவு வங்கியின் தளத்திலேயே இருக்கும் மோல்ஸ்டார் எல்லாவற்றிலும் இலகு, ஸ்மார்ட் போனிலும் வேலை செய்யும். பைமோல், கைமேராஎக்ஸ் இரண்டும் ஆராய்ச்சியாளருக்கான பெரிய கருவிகள், பாடசாலைக்கு அவசரமில்லை.

பொத்தான்களெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் தயங்குவது அதனால்தான், உயிரியலால் இல்லை. தேவைப்படுவது பன்னிரண்டு, பதின்மூன்று சொற்கள். அவற்றை மட்டையில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருளெழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். இரண்டாம் கிழமை யாரும் மட்டையைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. மவுஸைப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். என் முதல் வகுப்பில் நாற்பது நிமிடமும் நானே திருப்பிக் காட்டினேன். "வடிவா இருக்கு" என்றார்கள், எனக்கும் சந்தோசம். அடுத்த நாள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "நிறம் நிறமா இருந்தது" என்றார்கள். அவ்வளவுதான் நின்றது. இப்போது ஒரு பாடத்துக்கு ஒரு மூலக்கூறு, ஒரு கேள்வி. இரும்பு எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது? டிஎன்ஏயில் எந்தச் சோடிக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு, எந்தச் சோடிக்கு மூன்று? ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு, ஆளுக்கு நான்கு நிமிடம், விடை கிடைத்ததும் கொப்பியில் கையால் கீற வேண்டும். கீறும்போதுதான் எதைப் பார்க்கவில்லை என்பது அவர்களுக்கே தெரியவரும், திரும்பவும் மவுஸைக் கேட்பார்கள்.

இந்தப் படங்கள் பொய் சொல்கிற இடங்களும் உண்டு. மூலக்கூறு வெற்று இருளில் தனியாக மிதப்பதாகத் தெரியும், உண்மையில் அதைச் சுற்றித் தண்ணீரும் வேறு மூலக்கூறுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. எக்ஸ் கதிருக்கு ஐதரசன் சரியாகப் பிடிபடாது, அதனால் பெரும்பாலான கோப்புகளில் ஐதரசன் அணுக்களே இருக்காது. பிள்ளை காபனுக்கு நான்கு பிணைப்பு என்று படித்துவிட்டு இரண்டை மட்டும் கண்டு குழம்புவாள்.

பெரிய பொய், அசைவின்மை. புரதம் உறைந்த சிலையாகத் தெரிகிறது. இதற்கு ஈமோகுளோபினிலேயே மருந்து இருக்கிறது. 4எச்எச்பி ஒட்சிசன் இல்லாதது என்றேன். 1எச்எச்ஓ (1HHO) ஒட்சிசன் பிடித்தது. கோப்பை நேரடியாக இறக்கினால் இந்த இரண்டாவதில் பாதி மூலக்கூறுதான் இருக்கும், அதனால் மோல்ஸ்டாரில் முழு வடிவத்தைத் திறப்பது நல்லது. இணையம் இல்லாவிட்டால் முன்கூட்டியே ஒரே கோணத்தில் இரண்டையும் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் மாறி மாறிக் காட்டுங்கள். ஒட்சிசன் வந்து இரும்பில் அமர்ந்ததும் ஒரு சோடிச் சங்கிலி மற்றச் சோடியிலிருந்து ஏறத்தாழ 15 பாகை திரும்பி, நடுவில் இருக்கும் இடைவெளி ஒடுங்குவது தெரியும். முதல் ஒட்சிசன் ஏறினால் அடுத்தது ஏறுவது இலகுவாவது ஏன், ஒட்சிசன் ஏறும் அளவைக் காட்டும் வளையி நேர்கோடாக இல்லாமல் நெளிந்து போவது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். போன வருடம் நான் கேட்டபோது முதலில் கை தூக்கியது, கலத்துக்குள் நான்கு வட்டம் கீறிய அதே பிள்ளைதான்.